மட்டிச் சிப்பியில் மண் போக என்ன வழி? சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள்

கல்லடிப் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். சனிக்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து மச்சாள் குடும்பம் சாப்பிட வருகிறது. போனில் பேசும்போது "மட்டி தின்று எத்தனை வருசம்" என்று ஒரு வார்த்தை சொன்னார், அதை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். வாகரையில் இருக்கிற மாமா வெள்ளி பின்னேரம் இரண்டு மூன்று கிலோ கொண்டுவந்து தருவதாகச் சொல்லியாயிற்று. இனி நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

என் பயம் என்னவென்றால் போன முறை நடந்தது. வாங்கி வந்த மட்டியை வாளியில் போட்டு, வாளி நிறையப் பைப் தண்ணீர் பிடித்து, இரவு முழுக்க ஊறினால் மண்ணெல்லாம் போய்விடும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் பாதி வாயைத் திறந்தபடி கிடக்கிறது, தட்டினாலும் மூடவில்லை, வாளிக்குள் ஒரு வாடை. நல்லதாகத் தெரிந்ததைப் பொறுக்கி ஆக்கினேன். வாயில் வைத்தால் நறநற. இவர் ஒன்றும் சொல்லவில்லை, மட்டியை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சொதியை மட்டும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழும்பினார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. அம்மா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, விரால் வெட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார், மட்டி என்றால் "அதெல்லாம் கடல்பக்கத்து எழுவான்கரை ஆட்களின் சாப்பாடு" என்று சிரிக்கிறார்.

மண் எப்படிப் போக்குவது, வெள்ளி பின்னேரம் வருவதைச் சனி மத்தியானம் வரைக்கும் எப்படி வைத்திருப்பது, தேங்காய்ப்பால் விட்ட பாலாணம் நல்லதா வதக்கிய சுண்டல் நல்லதா, ஓட்டோடு வைப்பதா சதையை எடுத்து வைப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாறு அக்கா எழுதியது:

பிள்ளை, நீங்கள் செய்ததில் பெரிய பிழை பைப் தண்ணீர்தான். மட்டி உப்புத் தண்ணீரில் கிடக்கிற உயிர். நல்ல தண்ணீரில் போட்டால் ஓட்டை இறுக்க மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டு கிடந்தால் மண் எப்படி வெளியே வரும்? கனநேரம் போனால் அப்படியே செத்துப்போகும். செத்தபிறகுதான் வாயைத் திறக்கும், உங்களுடைய வாளியில் நடந்தது அதுதான்.

மாமாவிடம் இப்போதே போன் பண்ணிச் சொல்லுங்கள், மட்டி எடுத்த இடத்துத் தண்ணீரையே ஒரு கானில் பிடித்துக்கொண்டு வரட்டும். அதைவிட நல்ல மருந்து கிடையாது. களப்பில், அதாவது கடலோடு சேருகிற வாவியில், உப்புக் கூடும் குறையும், கடல் மாதிரி ஒரே அளவில் நிற்காது, அதனால் அதற்குப் பழகின தண்ணீரே மேல். அவர் மறந்துவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு மேசைக்கரண்டியால் இரண்டு உப்புப் போட்டுக் கரையுங்கள், அது கடல் தண்ணீர்க் கணக்கு, 35 கிராம் மட்டில் வரும். குளோரின் வாடை அடிக்கிற பைப் தண்ணீர் என்றால் காலையிலேயே பிடித்து அகலத் திறந்து வைத்துவிட்டுப் பின்னேரம் பாவியுங்கள்.

வாளி வேண்டாம். அகலமான பேசின் எடுத்து, அதற்குள் ஒரு வடிதட்டை வைத்து, அதன்மேல் மட்டியை ஒரு அடுக்காகப் பரப்புங்கள். துப்புகிற மண் வடிதட்டுக்குக் கீழே போய்விடும், திரும்ப உறிஞ்ச முடியாது. மட்டியை மூடி ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் போதும். வாளி நிறைய ஊற்றினால் அடியில் கிடப்பதற்கு மூச்சு முட்டும். மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கிச் சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். அரை மணித்தியாலம் கழித்து மெல்லத் துணியைத் தூக்கிப் பாருங்கள், ஓட்டு இடுக்கிலிருந்து இரண்டு சின்னக் குழாய் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றால் தண்ணீரை இழுத்து மற்றதால் விடும். விரலால் தொட்டீர்களோ, சடக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு முகத்தில் தண்ணீர் பீச்சிவிடும். அப்படி மூக்கு நீட்டினால் நீங்கள் வைத்த உப்புச் சரி. ஒன்றுமே நீட்டவில்லை என்றால் தண்ணீர் பிழை, மாற்றுங்கள்.

இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். மறுகா ஒரு காரியம், எடுக்கும்போது பேசினைச் சரித்துத் தண்ணீரை ஊற்றக்கூடாது, மண் திரும்ப மேலே ஏறும். கையால் அள்ளி எடுங்கள்.

சனி வரைக்கும் வைப்பதற்கு: வெள்ளி இரவே மண்ணைப் போக்கிவிட்டு, தண்ணீரை வடித்து, ஒரு தட்டில் பரப்பி, ஈரத்துணியால் மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். தண்ணீருக்குள் வைக்க வேண்டாம், பிரீசரில் வைக்க வேண்டாம், ஷொப்பிங் பையில் முடிச்சுப் போட்டு வைக்கவே வேண்டாம். மாமா மோட்டார் சைக்கிளில் வருவதென்றால் அவருக்கும் சொல்லுங்கள், ஈரச்சாக்கில் கட்டி நிழலாகக் கொண்டுவர வேண்டும்.

திருக்கோவில் தம்பி எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒரு சந்தேகம். எங்கள் அம்மம்மா மட்டி ஊறப்போடும் தண்ணீருக்குள் ஒரு துருப்பிடித்த கத்தியைப் போடுவார், இரும்பு கண்டால் மட்டி மண்ணைக் கக்கும் என்று. வேறு சிலர் அரிசிமா தூவுவார்கள். அது உண்மையா, சும்மாவா?

அப்புறம் கல்லடிப் பிள்ளைக்கு: எதைச் செய்தாலும் கொறுக்காய்ப் புளி போடாமல் ஆக்க வேண்டாம்.

கல்லாறு அக்கா எழுதியது:

தம்பி, எங்கள் வீட்டிலும் கத்தி போட்டவர்கள்தான். நான் ஒருமுறை கத்தி போட்டு ஒரு பேசின், போடாமல் ஒரு பேசின் வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே அளவு மண். உப்புத்தான் வேலை செய்கிறது. அரிசிமாவும் தேவையில்லை, தண்ணீர்தான் கலங்கிக் கெட்டுப்போகும். கத்தி போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, அம்மம்மாவின் ஞாபகத்துக்குப் போடுங்கள்.

கொறுக்காய் மீனுக்குச் சரி. மட்டிக்குப் போட்டால் மட்டியின் இனிப்பே தெரியாது, கொறுக்காய்தான் தெரியும். நான் போட மாட்டேன்.

பிள்ளை, இன்னுமொன்று சொல்ல மறந்துபோனேன், சட்டிக்குள் போட முதல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டினால் மூட வேண்டும், மூடாவிட்டால் எறியுங்கள். உடைந்ததும் வேண்டாம். இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மண் மட்டி என்று ஒன்று இருக்கிறது, அது மூடித்தான் கிடக்கும், பார்த்தால் நல்ல மட்டி மாதிரி. உள்ளே உயிரில்லை, சேறு மட்டும். அந்த ஒன்று சட்டிக்குள் திறந்தால் முழு ஆணமும் போச்சு. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு ஓட்டையும் பக்கவாட்டில் தேய்த்து நழுவச் செய்து பாருங்கள், உயிருள்ளது அசையாது, மண் மட்டி வழுக்கித் திறந்துகொள்ளும். இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாலும் தெரியும், நல்லது கல் மாதிரி டிக்கென்று கேட்கும், செத்தது பொத்தென்று கேட்கும்.

வாவிக்கரையான் எழுதியது:

வாவிக்கடியில் ஊரிச் சிப்பி பாடுகிறது என்று சொல்கிற ஊரில் இருந்துகொண்டு மட்டியைத் தட்டிச் சத்தம் கேட்கச் சொல்கிறீர்கள். இனிக் கல்லடிப் பாலத்தடியில் பாட்டுக் கேட்க வருகிற வெள்ளைக்காரரை அக்காவின் குசினிக்கு அனுப்பலாம்.

ஆய்வுகூடத்தான் எழுதியது:

ருசியைக் கெடுக்க வரவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மண் போகும், கிருமி போகாது. மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை வடித்து வடித்துத்தான் சாப்பிடுகிறது, தண்ணீரில் இருக்கிற நல்லதும் கெட்டதும் அதன் உடம்பில் சேரும். அதனால் எந்த இடத்து மட்டி என்பது முக்கியம். நகரப்பக்கம் வடிகான் விழுகிற கரையில் எடுத்ததை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். மாரியில் வெள்ளம் வந்து களப்பு கடலில் விழுகிற முகத்துவாரத்தை வெட்டிவிட்ட கையோடும் வேண்டாம், வயல் தண்ணீரும் ஊர்க் கழிவும் எல்லாம் களப்பு வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கரையோரத் தண்ணீர் நிறம் மாறிக் கிடக்கிற நாட்களிலும் விடுங்கள், சிலவகைப் பாசியின் நஞ்சு எவ்வளவு அவித்தாலும் அழியாது.

வாய் திறந்தவுடன் இறக்கிவிடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ருசிக்கு அது சரி, வயிற்றுக்குப் போதாது. செங்கமாரியைக் கொண்டுவருகிற ஹெபடைட்டிஸ் ஏ மாதிரியான வைரஸ் லேசான சூட்டில் சாகாது. ஐரோப்பாவில் மட்டி அவிப்பதற்கு வைத்திருக்கிற கணக்கு, சதையின் உள்ளே 90 பாகை, அதுவும் 90 வினாடி. வீட்டில் அளந்துகொண்டு நிற்க முடியாது, ஓடு திறந்தபிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது, வருகிறவர்களில் இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்களா என்று முதலே கேட்டுவிடுங்கள், முக்கியமாகப் பிள்ளைகள்.

பொத்துவில் காக்கா எழுதியது:

அஞ்சு நிமிசமா? மட்டி சைக்கிள் டயராகப் போய்விடும்! நான் அறுகம்பேயில் ஒரு விடுதிக் குசினியில் நிற்கிறவன், சீசனில் ஒவ்வொரு நாளும் மட்டி போகும். எங்கள் முறை: தாச்சியைச் சூடாக்கி, பட்டர் போட்டு, உள்ளியை நசுக்கிப் போட்டு, மட்டியை ஓட்டோடு கொட்டி, அரைக் கோப்பை தண்ணீர் விட்டு மூடுவது. இரண்டு மூன்று நிமிசத்தில் ஒவ்வொன்றாக வாயைத் திறக்கும். கொத்தமல்லி இலை, மிளகு, தேசிக்காய், அவ்வளவுதான், தாச்சியோடு மேசைக்குப் போய்விடும். உப்பு ஒரு கல்லும் போடுவதில்லை, மட்டி தன் உப்பைத் தானே விடும்.

ஆனால் ஆய்வுகூடத் தம்பி சொல்வதும் பிழையில்லை, வயிற்றோட்டம் வந்தால் மச்சாள் மறுபடி மட்டக்களப்புப் பக்கமே வரமாட்டார். தங்கச்சி, உங்களுக்கு இரண்டும் கெடாமல் ஒரு வழி சொல்கிறேன், இரண்டு தரம் சூடு காட்டுங்கள். முதலில் தண்ணீரே விடாமல், அல்லது கால் கோப்பை விட்டு, மூடி அவியுங்கள். வாய் திறந்ததைத் திறந்த உடனே இடுக்கியால் எடுத்து வெளியே போட்டுக்கொண்டே இருங்கள், எல்லாம் திறக்கட்டும் என்று காத்திருந்தால் முதலில் திறந்தது ரப்பராகிவிடும். இரண்டு நிமிசம் கூடவிட்டும் திறக்காமல் பிடிவாதம் பிடிப்பதை எறிந்துவிடுங்கள். சட்டியில் நிற்கிற பால் மாதிரித் தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம், அதுதான் உயிர். வெள்ளைத் துணியில் வடித்து எடுங்கள், அடியில் நிற்கிற கடைசிக் கரண்டியை மட்டும் விட்டுவிடுங்கள், மிஞ்சின மண் அங்கேதான் நிற்கும். அப்புறம் ஆணம் கொதிக்கும்போது சதையைப் போட்டு மூன்று நாலு நிமிசம் கொதிக்க விட்டால் அந்த 90 கணக்கும் வந்துவிடும், தேங்காய்ப்பாலுக்குள் கிடப்பதால் அவ்வளவு இறுகவும் இறுகாது.

கல்லடிப் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, மாமாவிடம் கானும் சாக்கும் சொல்லிவிட்டேன், "இவ்வளவு படிச்சு மட்டி ஆக்கிறியா" என்று சிரிக்கிறார். மச்சாளிடமும் கேட்டேன், நாலு பேருக்கும் இறால் நண்டு எல்லாம் ஒத்துக்கொள்ளுமாம். இனி ஆணம் அளவாகச் சொல்லுங்கள் அக்கா. பொரித்த கறி மாதிரி வேண்டாம், வெள்ளையாக ஒன்று.

கல்லாறு அக்கா எழுதியது:

காக்கா சொன்ன இரண்டு சூட்டு முறை நல்ல முறை, அப்படியே செய்யுங்கள். மூன்று கிலோ கனக்க என்று நினைக்க வேண்டாம், ஓடு கழிந்தால் ஒரு கிலோவுக்குக் கால் கிலோ சதைகூடத் தேறாது. இரண்டு கிலோவைப் பாலாணம் வையுங்கள், ஒரு கிலோவை அப்படியே ஓட்டோடு வையுங்கள்.

சட்டியில் ஒரு பிடி சின்ன வெங்காயம், ஆறேழு பல் உள்ளி, நாலு பச்சைக் கொச்சிக்காய் கீறியது, அரைக் கரண்டி வெந்தயம், அரைக் கரண்டி மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை எல்லாம் பச்சையாகவே போட்டு, வடித்துவைத்த மட்டித் தண்ணீரையும் தண்ணிப்பாலையும் விட்டு அடுப்பில் வையுங்கள். வெங்காயம் வெந்து வெந்தயம் ஊதின பிறகு தலைப்பாலை விட்டுக் கிண்டிக்கொண்டே நில்லுங்கள், திரைய விடக்கூடாது. கொதி எழும்பும்போது சதையைக் கொட்டி, நாலு நிமிடம். இறக்கிய பிறகுதான் தேசிக்காய், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் பால் திரைந்துவிடும். உப்பு கடைசி, ருசி பார்த்துவிட்டுத்தான், பழக்கத்தில் கை போய்விடும், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சோறு வேண்டாம், பிட்டு அவியுங்கள். சுண்டல் செய்தால்தான் சோறு. சுண்டல் என்றால் சதையைப் பிழிந்து வெங்காயம், இடித்த செத்தல் மிளகாயோடு வதக்கித் தேங்காய்ப்பூ தூவி இறக்குவது, பத்து நிமிட வேலை, ஆட்கள் வருகிற நாளில் அது கொஞ்சம் சின்னதாகப் போய்விடும். ஓட்டோடு வைக்கிறதை நடுவில் ஒரே தட்டில் வையுங்கள், பக்கத்தில் வெறும் ஓடு போட ஒரு கோப்பை, கை கழுவத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர். பிள்ளைகளுக்குப் பாலாணத்தில் இருக்கிற சதையே போதும்.

திருக்கோவில் தம்பி எழுதியது:

கொறுக்காய் போடாத மட்டி எனக்கு மட்டியே இல்லை. சும்மா பதிவில் இருக்கட்டும்.

கல்லடிப் பிள்ளை எழுதியது:

ஞாயிறு காலை. முடிந்தது.

மாமா கான் கொண்டுவந்தார், நாலரைக்கு ஊறப்போட்டேன். ஐந்து மணிக்குத் துணியைத் தூக்கினால் அக்கா சொன்னது மாதிரியே எல்லாம் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் குனிந்து விரலை வைத்தார், கண்ணாடியெல்லாம் உப்புத் தண்ணீர். பேசின் அடியில் வழித்துப் பார்த்தால் தேத்தண்ணிக் கரண்டியால் ஒரு கரண்டி கறுப்பு மண். போன முறை நாங்கள் தின்றது இதைத்தான். தேய்த்துப் பார்த்ததில் மண் மட்டி நாலு அகப்பட்டது, அதில் ஒன்றை என்னால் நம்பவே முடியவில்லை, அவ்வளவு பளபளப்பு, திறந்தால் கறுப்புச் சேறு.

ஒரு பிழை விட்டேன். மச்சாள் வந்து குசினியில் நின்று கதைத்துக்கொண்டிருந்த நேரம் என் கை தன்பாட்டில் உப்புப் போத்தலுக்குப் போய்விட்டது. ஆணத்தில் ஒரு கரண்டி. கரித்துப்போயிற்று. அவசரமாக இன்னொரு தேங்காயைத் துருவிப் பால் விட்டுச் சரிக்கட்டினேன், ஆணம் கொஞ்சம் தண்ணியாகிவிட்டது, பிட்டுக்கு அது நன்றாகத்தான் போனது. ஓட்டோடு வைத்ததைப் பொத்துவில் காக்கா முறையில் செய்து, வாய் திறந்த பிறகும் மூன்று நிமிடம் மூடி வைத்தேன். டயர் ஆகவில்லை, கொஞ்சம் கடித்துத் தின்ன வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சின்னவன் வெறும் ஓட்டால் ஆணத்தை அள்ளி அள்ளிக் குடித்தான். இவர் மூன்றாம் தரம் பிட்டுப் போட்டுக்கொண்டார், இந்த முறையும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று, ஒரு வாளி ஓடு கிடக்கிறது, எறும்பு மொய்க்கிறது, என்ன செய்வது?

கல்லாறு அக்கா எழுதியது:

ஒட்டியிருக்கிற சதையெல்லாம் சுரண்டிக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள், பிறகு மணக்காது. முந்தி இதைச் சூளையில் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுப்பார்கள், வீட்டில் அந்த வேலை பார்க்கப்போய்க் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். உடைத்துத் தென்னையைச் சுற்றிப் போடுங்கள், வாசல் பக்கம் வேண்டாம், வெறுங்காலில் மிதித்தால் வெட்டும். காய்கிறவரை வாளியை மூடி வையுங்கள், பூனை இழுத்துக்கொண்டு போய் அயல்வீட்டு முற்றத்தில் போட்டுவிடும், எனக்கு நடந்திருக்கிறது.